எட்டாம் நம்பர் வேனும் ஏலம் கேட்ட கனவான்களும்

‘கன்ஃபர்ம் மேடம், வண்டி நமக்குத்தான்’ என்று போனில் சொல்லிவிட்டுக் காணாமல் போனவர்களை வரிசையில் நிற்க வைத்தால், அது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தொடங்கி இரும்புலியூரைத் தாண்டிப் போகும். அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்ல. கெட்டவனைச் சமாளிப்பது சுலபம், முதல் போனிலேயே தெரிந்துவிடும். நல்லவராக, படித்தவராக, மரியாதையாகப் பேசுகிறவராக இருந்துகொண்டே நம் கழுத்தை அறுப்பவர்கள்தான் இந்தத் தொழிலின் தலைவலி.

மற்றவர்களின் பழைய பொருளை இணையத்தில் விற்றுக் கொடுக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். போட்டோ எடுப்பதையும் விளம்பரம் எழுதுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கேட்பவர்களில் யார் வாங்குவார், யார் வாயால் வடை சுட்டுவிட்டுப் போவார் என்பது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. முடிச்சூர் வேன் ஒன்றை விற்க நான் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அதே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மெஷின்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தேன். ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இணையத்தில் ஏலத் தளங்கள் வந்த புதிது அது. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் தங்கள் கேமரா, தையல் மெஷின், பழைய ஸ்கூட்டர் என்று எதையாவது கொண்டுவந்து தருவார்கள். நான் படமெடுத்துத் தளத்தில் போடுவேன். குறிப்பிட்ட நாள்வரை ஆளாளுக்கு விலையை ஏற்றிக் கேட்பார்கள். கடைசியில் யார் அதிகம் கேட்டிருக்கிறாரோ, பொருள் அவருக்கு. எனக்குக் கமிஷன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெயித்தவர் வாங்கியே ஆக வேண்டும் என்று அவரைப் பிடித்து உட்கார வைக்க அங்கே யாரும் இல்லை. வாங்காமல் போனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கெட்ட பெயர் விழும். அவர் அடுத்த நாளே வேறு பெயரில் புத்தாடை உடுத்தி வந்துவிடுவார்.

ஏலத்தில் ஜெயித்த பிறகு பேரம் பேசும் வித்தையை நம் ஊரில்தான் பார்த்தேன். ‘மேடம், நான் கேட்டது ஏல விலை. இப்ப லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க’ என்பார்கள். இன்னொரு கூட்டம், ‘பணம் போட்டுட்டேன், உங்க பேங்க்லதான் ஏதோ பிராப்ளம்’ என்று நம்மையே பேங்குக்கு நடக்க வைக்கும். போனை எடுத்ததும் ‘சார் இல்லையாம்மா?’ என்று கேட்பவர்கள் தனி ரகம். அவர்களிடம், ‘சார் டெல்லி போயிருக்கார், அதுவரைக்கும் நான்தான் பார்த்துக்கறேன்’ என்பேன். அந்த சார் இன்றுவரை டெல்லியிலிருந்து திரும்பவில்லை.

இந்த லட்சணத்தில் நான் தொழில் செய்துகொண்டிருந்தபோதுதான் சுலோச்சனா மாடியேறி வந்தாள். முடிச்சூரில் நிலம் வைத்திருந்து, அது பிளாட்டாகிப் போன குடும்பத்து மருமகள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் கணவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் கூழ் என்று எங்கு போனாலும் ஸ்பீக்கரும் சீரியல் பல்பும் ஒரு வெள்ளை வேனில் போகும். அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வேனை விற்க வேண்டும்.

“ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் எப்பவோ வித்துப்போச்சு டீச்சர். ஸ்பீக்கருக்கு நம்பர் பிளேட் இல்ல பாருங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். வேன் நம்பரின் இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு வரும், அதையும் கூட்டினால் எட்டு. எட்டாம் எண் ஆகாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மெயில் பார்க்கத் தெரிந்த ஊரிலும், வண்டி வாங்கும்போது எல்லாரும் விரலை மடித்துத்தான் கூட்டுகிறார்கள்.

“எட்டுன்றதாலதான் அப்போ சல்லிசா வந்துச்சு. அவரு வேணான்னுதான் சொன்னாரு. நான்தான், எட்டுக்கு வெல கம்மின்னா நமக்கு இன்னா நஷ்டம்னு சண்ட போட்டு வாங்க வெச்சேன். நல்லாத்தான் ஓடிச்சு டீச்சர். ஒரு நாள் நடு ரோட்ல நின்னதில்ல.”

“அவருக்கு என்ன ஆச்சு?”

“மஞ்சக் காமால. ஆஸ்பத்திரிக்குப் போலான்னேன். அவங்க அக்கா, எங்க நாத்தனாரு, பச்சிலை வைத்தியம்னு இட்டுக்கினு போச்சு. அது குடிச்சு, இது குடிச்சு, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முத்திப்போச்சு. இப்போ அந்த அம்மாதான் தெருவெல்லாம் சொல்லிக்கினு கீது. எட்டைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனா, அது என் தம்பிய வாங்கிக்கிச்சுன்னு.”

நாத்தனார் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. பச்சிலை மருந்தின் பழியை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும். எட்டுக்குத் திருப்பிப் பேச வாய் கிடையாது.

முடிச்சூரில் அந்த வேனை ஒருத்தரும் தொடவில்லை. புரோக்கர்களே ஒதுங்கிப் போனார்கள். வருஷ தெவசத்துக்குள் வண்டி வாசலைவிட்டுப் போகாவிட்டால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவதாக நாத்தனார் கெடு வைத்திருந்தார்.

“துட்டு வந்தா சந்தோஷம்தான். ஆனா அதுக்கோசரம் வரல டீச்சர். ஓடற வண்டிய எடைக்குப் போட்டா இன்னா அர்த்தம்? எமன் வண்டின்னு ஊரே முடிவு கட்டிச்சுன்னு அர்த்தம். அத இட்டாந்தவ நானு. யாராச்சும் ஒர்த்தரு இத வண்டின்னு நெனச்சு வாங்கினு போவணும்.”

ஆகட்டும் என்றேன். நெட்டில் கேட்பவர்களுக்கு முடிச்சூர்க் கதை தெரியாது, சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நெட்டில் இருப்பவர்களும் இந்த ஊரில் பிறந்தவர்கள்தான் என்பது உறைக்கவில்லை.

முதல் ஏலத்தில் நம்பர் பிளேட்டை வெள்ளைப் பட்டை போட்டு மறைத்துவிட்டேன். வண்டி விற்கும் எல்லாரும் அப்போது அப்படித்தான் செய்தார்கள், நம்பரை யாராவது திருடிப் போலி பிளேட் அடித்துவிடுவார்கள் என்ற பயம். சுலோச்சனா படத்தைப் பார்த்தாள். “மறைச்சிட்டீங்களா?” என்றாள். “எல்லாரும் மறைப்பாங்க” என்றேன்.

ஜெயித்தவர் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர். கால் சென்டர்களுக்கு ஆள் ஏற்றிப் போக வேன் விட்டால் நல்ல வருமானம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஏலம் நடந்த நாளெல்லாம் மெயில் அனுப்பினார். ‘லவ்லி வெஹிக்கிள்’ என்று ஒன்று. ‘வெரி வெல் மெயின்டெய்ன்ட்’ என்று ஒன்று. ஒரு மெயிலில்கூட ஒரு கேள்வி இல்லை. எனக்கு ஒரே பெருமை. என் போட்டோவுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரைக் கூட்டிக்கொண்டு முடிச்சூருக்கு வந்தார். நானும் போயிருந்தேன். இளைஞர் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, “சூப்பர் மேடம், டன்” என்றார். மாமனார் வண்டியைச் சுற்றவேயில்லை. நம்பர் பிளேட்டுக்கு முன்னால் நின்று விரலை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். மாப்பிள்ளையை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்த மாப்பிள்ளை வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“மேடம், எங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல ஹைட் கொஞ்சம் இடிக்கும்னு நினைக்கிறேன். ஐ வில் மெஷர் அண்ட் கால் யூ.”

அவர் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார் போல.

பிள்ளைகளே, ஒரு பொருளைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் புகழ்கிறவர், வாங்குவதாக நினைத்துப் பார்ப்பதிலேயே திருப்தி அடைந்துவிட்டவர். நாம் எதை மறைக்கிறோமோ, நேரில் வருகிறவர் அதற்கு முன்னால்தான் போய் நிற்பார் என்பதையும் அன்று பார்த்தேன். வெள்ளைப் பட்டையால் நான் சாதித்தது, ஓட வேண்டியவரை முடிச்சூர்வரைக்கும் வரவழைத்து, சுலோச்சனாவின் கண் முன்னால், நாத்தனாரின் கண் முன்னால் ஓட வைத்தது. நாத்தனார் வாசலில் நின்று, “நான்தான் சொன்னேனே” என்றார். அதே மாலை எலுமிச்சையும் மிளகாயும் கோத்து வேன் முகப்பில் கட்டிவிட்டார்.

மறுநாள் சுலோச்சனா மாடியேறி வந்தாள். “மறைக்காதீங்க டீச்சர். எட்டுன்னு பெருசா போடுங்க. ஓடறவன் அங்கியே ஓடட்டும், வூட்டாண்ட வந்து ஓட வேணாம்.”

போட்டேன். ‘கூட்டு எண் எட்டு. அதில் ஆட்சேபம் உள்ளவர்கள் தயவுசெய்து ஏலம் கேட்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அதற்கு வந்த மெயில்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எண் ஜோதிடர் ஒருவர், வண்டியை விற்க வேண்டாம், உரிமையாளர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் தோஷம் போய்விடும், கூட்டித்தரக் கட்டணம் இவ்வளவு என்று எழுதினார். முன்பின் தெரியாத ஒருவர், எட்டு எண் வாகனத்தை விற்பது பாவம் என்று எனக்கு ஒரு பக்கத்துக்கு உபதேசம் செய்தார். ‘எட்டுக்கு இவ்ளோதான் மேடம்’ என்று பாதி விலைக்குக் கேட்டார் ஒருவர். அதைப் படித்துக் காட்டியபோது சுலோச்சனா சிரித்துவிட்டாள். “நானும் இப்டியேதான் கேட்டேன் டீச்சர். இதே பேச்சு” என்றாள்.

அந்த ஏலத்தில் ஜெயித்தவர் பல்லாவரத்துப் பகுத்தறிவாளர்.

அவருடைய மெயிலை மாலைபோட்டு வைக்கலாம். ‘எட்டு என்பது ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் உள்ள எண். அதைக் கண்டு அஞ்சுவது அறிவுக்கு இழுக்கு. மூடநம்பிக்கைக்கு எதிராக மேடைகளில் முழங்கிவரும் நான், இந்த வாகனத்தை வாங்குவதை ஒரு கடமையாகவே கருதுகிறேன்.’ படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுலோச்சனாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். “நல்ல மனுசன்” என்றாள். அன்று சாயந்திரம் வேனைக் கழுவி வைத்ததாக மறுநாள் சொன்னாள். அதில் எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு வாரம் அவரிடமிருந்து சத்தமில்லை. நானே கூப்பிட்டேன். மாநாட்டு வேலை என்றார். அடுத்த முறை கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றார். மூன்றாவது முறை அவரே கூப்பிட்டார்.

“மேடம், ஒரு சின்ன விஷயம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி நம்பரை மாத்திக் குடுக்க முடியுமா?”

“எதுக்கு சார்?”

“எனக்கில்லை. வீட்ல மிஸஸ் கொஞ்சம் தயங்கறாங்க.”

“எட்டு வெறும் நம்பர்னு நீங்கதானே சார் எழுதினீங்க?”

“எனக்கு வெறும் நம்பர்தான் மேடம். மிஸஸுக்குத்தான் அது எட்டு.”

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். “மேடையில முழங்கறப்போ மிஸஸை முன் வரிசையில உட்கார வையுங்க சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது வியாபாரத்துக்கு அழகல்ல. ஆனால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். கொள்கைக்காக வாங்குகிறேன் என்பவரிடம் எதையும் விற்கப் பார்க்காதீர்கள். கொள்கைக்குப் பெட்ரோல் போட வேண்டியதில்லை, அதனால் அவருக்கு வண்டி அவசியமே இல்லை.

இதைச் சுலோச்சனாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டுவிட்டு, “எட்டுன்னு தெரிஞ்சும் கேட்டவனும் பூட்டானா?” என்றாள். முதல் ஆள் ஓடியபோது நம்பரை மறைத்தது காரணம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தச் சமாதானமும் இல்லை. “எங்க நாத்தனாரு சொல்றது நெசந்தானா டீச்சர்?” என்று கேட்டாள். அத்தனை சண்டைக்காரி, அதை மெதுவாகக் கேட்டாள்.

தெவசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கடைசியாக, எட்டை மறைக்காமலே, ஒரு குறுகிய ஏலம் போட்டேன். காயலான் கடைக்காரர் அதற்குள் ஒரு முறை வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

இந்த முறை கேட்டவர்கள் இருவர். ஒருவர் அடையாறுக்காரர். தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் மின்னியது. வாங்கிய இடமெல்லாம் நல்ல பெயர். அவர் எழுதியிருந்தார்: ‘அழகான வண்டி. எட்டு என் ராசியான எண். ஏலத்தை நிறுத்திவிடுங்கள், இப்போது நிற்கும் விலைக்கு மேலேயே தருகிறேன். இன்று மாலைக்குள் சரி என்று சொன்னால் திங்களன்று டிரைவரை அனுப்புகிறேன்.’

இன்னொருவர் மறைமலை நகரிலிருந்து கேட்டவர். தொழிற்சாலை ஷிஃப்டுகளுக்கு மதியச் சாப்பாடு சப்ளை செய்பவர். தளத்தில் சேர்ந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம். கேட்ட விலையும் சுமார். நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் போன் செய்தார்.

“டயர் எப்ப மாத்துனதும்மா?”

“தெரியலையே.”

“ஸ்டெப்னி கீதா?”

“இருக்கும்னு நினைக்கிறேன்.”

“எஃப்.சி. எந்த மாசம் வரிக்கும்? கிளட்ச் எப்டி? செகண்ட் கியர்ல இழுக்குதா?”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இரண்டு பேரிடம் சூடுபட்டவள் நான். “ஏலம் கேக்கறீங்களா, இன்டர்வியூ எடுக்கறீங்களா?” என்றேன்.

“வண்டி வாங்கறேன்மா” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

“அப்போ கன்ஃபர்ம்னு எடுத்துக்கலாமா?”

“அதெப்டி? பாத்துட்டுதான் சொல்ல முடியும்.”

போனை வைத்துவிட்டு யோசித்தேன். தளத்தின் விதி, தொழிலின் வழக்கம், கையிலிருந்த நாள் எல்லாமே அடையாறுக்காரரைத்தான் காட்டின. கூடுதல் விலை, தங்க நட்சத்திரம், ராசியான எண். ‘சரி’ என்று ஒரு வார்த்தை தட்டினால் முடிந்தது. இந்தப் பக்கம் ஒரு பூஜ்யம், அதுவும் கன்ஃபர்ம் சொல்லாத பூஜ்யம். தங்கத்தை நம்பி ஏலத்தை நிறுத்தி, அதுவும் ஓடிவிட்டால் வேன் எடைக்குப் போகும். பூஜ்யத்துக்காகத் தங்கத்தை விட்டு, பூஜ்யமும் வராமல் போனால் சுலோச்சனாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

சுலோச்சனாவிடம் போனில் டயரைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் எங்க வூட்டுக்காரருக்குத்தான் தெரியும்” என்றவள், போய்ப் பார்த்துவிட்டு வந்து, “முன்னாடி மொட்டையாத்தான் கீது. சைலன்சர்ல ஒரு ஓட்ட கீது” என்றாள். அதை அப்படியே இருவருக்கும் சொன்னேன். டயர் மொட்டை, சைலன்சரில் ஓட்டை, பரவாயில்லையா?

அடையாறிலிருந்து உடனே பதில் வந்தது. ‘நோ இஷ்யூஸ். ஐ லவ் இட்.’

மறைமலை நகர் கேட்டது, “ரெண்டு டயரா, நாலுமா?”

அங்கேதான் எனக்கு முடிவு கிடைத்தது. டயர் தேய்ந்திருந்தால் ஒருவருக்கு ஒன்றுமில்லை. ஏனென்றால் அவர் அந்த டயரில் எங்கேயும் போகப்போவதில்லை. இன்னொருவர் மனதுக்குள் ஏற்கெனவே அந்த வண்டியை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அண்டாவில் சாம்பார் தளும்புகிறது, டயர் வழுக்குகிறது. அடையாறுக்காரருக்கு மறுப்பு எழுதினேன். என்னைப்போன்ற ஆட்களால்தான் இந்த நாடு உருப்படவில்லை என்று பதில் போட்டார். அந்த மாதமே வேறொருவரின் வேனை ஏலத்தில் ஜெயித்து, அதை வாங்காமல் விட்டார் என்று தளத்திலேயே பார்த்தேன். நட்சத்திரமெல்லாம் புத்தகமும் கைக்கடிகாரமும் வாங்கிச் சேர்த்தது போலிருக்கிறது.

மறைமலை நகர்க்காரர் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே, பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, ஒடிசலான ஆள். வணக்கம் சொன்னார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டினார், பனியனோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. சுலோச்சனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் படியில் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார் நாத்தனார். பிறகு எழுந்து வண்டியருகே போனார்.

“இந்தாப்பா, அப்றமா நாங்க மறைச்சோம்னு சொல்லக் கூடாது. இது எட்டு நம்பரு. வாங்கி வெச்சுதுல என் தம்பியே பூட்டான்.”

டார்ச் அணைந்தது. சுலோச்சனாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த மனிதர் மெதுவாக வெளியே வந்து, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“நம்பரு நெட்லயே போட்டுருந்தாங்கம்மா. டயர் மேட்டர்தான் போடல. கேட்டப்புறம்தான் சொன்னாங்க” என்றார் என்னைப் பார்த்து. பிறகு நாத்தனாரைப் பார்த்து, “தம்பிக்கு இன்னா, ஆக்சிடென்ட்டா?” என்றார்.

சுலோச்சனாதான் சொன்னாள்.

“இல்ல. காமால.”

“அப்போ வண்டி எங்கியும் இடிக்கல?”

“ஒரு தபா கூட இல்ல.”

“அதான் பாத்தேன். சேசிஸ் நேராத்தான் கீது” என்று பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். “நீங்க சொன்னதும் எங்கியோ அடிபட்ட வண்டியோன்னு பயந்துட்டேன். வண்டி மேல தப்பு ஒண்ணுமில்ல. முன்னாடி டயரு ரெண்டும் மாத்தணும், சைலன்சர் பத்த வைக்கணும். அதுக்குக் கொறச்சுக்கினு சொல்லுங்க.”

வண்டி மேல தப்பு ஒன்றுமில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை, சாம்பார் வண்டிக்கு விலை குறைக்க வந்த மனிதர் போகிற போக்கில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுலோச்சனா அழுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தூணைவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

“டயரு இன்னா அவ்ளோ மோசமா? இன்னும் ஆறு மாசம் ஓடும்யா.”

“மழ வரட்டும், நீ ஓட்டிக் காட்டு.”

“சைலன்சர் ஓட்ட ஒரு ஓட்டையா? வெல்டிங் கடையில அம்பது ரூவா வேல.”

“அம்பது ரூவா அவன் டீ செலவுக்கே பத்தாது.”

நான் நடுவில் புகப் பார்த்தேன். இரண்டு பேருமே என்னை மதிக்கவில்லை. அரைமணி நேரம் அந்த இரண்டு டயருக்காக அவள் போட்ட சண்டையை நான் எந்த வியாபாரியிடமும் பார்த்ததில்லை. குரல் தெருமுனைவரைக்கும் கேட்டிருக்கும். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து நின்றார்கள். எட்டைப் பற்றி அல்ல, டயரைப் பற்றித்தான் சண்டை என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் வேண்டுமென்றேதான் அத்தனை உரக்கப் பேசினாள் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

விலை படிந்தது. ஆர்.சி. புத்தகத்தையும் மற்றக் காகிதங்களையும் முடித்தோம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நாத்தனாரைத்தான் கூப்பிட்டார்.

“அம்மா, நாலு எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்க. புது வண்டி எடுக்கறேன்ல, டயருக்கு வைக்கணும்.”

அவர் ஒன்றும் பகுத்தறிவாளர் அல்ல. பல்லாவரத்துக்காரர் பார்த்திருந்தால் ஒரு கூட்டமே போட்டுக் கண்டித்திருப்பார். நாத்தனார் உள்ளே போய் நான்கு பழங்களை முந்தானையில் கொண்டுவந்தார். அவர் கையில் கொடுக்காமல், தாமே குனிந்து நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்தார். முன் சக்கரத்தருகில் வைத்தபோது டயரை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

வண்டி கிளம்பியது. பழங்கள் நசுங்கின. வேன் தெருமுனையில் திரும்பும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“கேட்டீங்களா அண்ணி?” என்றாள் சுலோச்சனா. “டயருதான் பழுதாம்.”

நாத்தனார் விளக்குமாற்றை எடுத்துவந்து நசுங்கிய பழங்களை ஓரமாகத் தள்ளினார். நிமிராமலே பதில் சொன்னார்.

“ஆமா. முன்னாடி ரெண்டும்.”